திரும்பும் வண்டியை முதலில் எழுது

காலை ஆறே முக்கால் ஃபெரி.
பட்டர்வொர்த் பின்னால் நகர,
பையிலிருந்து எடுத்து விரித்தாய் தவமலர்,
நோயாளிகள் கண்ணயரும் நேரத்தில்
நீ கட்டம் போட்ட காகிதத்தை:
பதினோரு நாள். ஒன்பது ஊர்.
கணவர், இரண்டு பிள்ளைகள், ஒரு ரைஸ் குக்கர்.

கரை தொடப் பத்து நிமிடம்.
அதற்குள் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

முதல் நாளில் எதுவும் எழுதாதே.
பதின்மூன்று மணி நேரம் பறந்த உடம்பு
அன்றைக்கு இன்னொரு பெட்டி.
நாங்கள் இறங்கிய மாலையே
அருங்காட்சியகம் போனோம்.
என்ன பார்த்தாய் என்று கேள்:
பெஞ்சு. நல்ல பெஞ்சு. தோல் தைத்தது.

ஊர்ப் பெயர் போட்ட விமான நிலையமெல்லாம்
அந்த ஊரில் இருக்காது.
கூலிமில் இறக்கிவிட்டுப்
பினாங்கு வந்தாச்சு என்றால்
சும்மா இருப்பாயா நீ?

அறையை ரயில் நிலையம் பக்கம் எடு.
ஜன்னலில் கோபுரம் தெரியாது, போகட்டும்.
கல் பாவிய தெருவில் நான்கு பெட்டி உருளும் சத்தம்
உன் பிள்ளைகளின் அழுகையைவிடப் பெரிது.

ஒன்பதில் ஐந்தை அடி.
இரண்டு மூன்று ஊரில் படுத்துக்கொண்டு
மிச்சத்தைப் பகலில் போய்ப் பார்த்து வா.
போகும் வண்டியை அப்புறம் தேடலாம்,
திரும்பும் கடைசி வண்டியை முதலில் எழுது.
சின்ன ஊர்களில் அது
நம் பசார் மாலாம் விளக்குப் போடும் முன்பே
கிளம்பிவிடும்.

சில இடத்தில் மேடையோரப் பெட்டியில்
டிக்கெட்டைக் குத்திவிட்டுத்தான் ஏறணும்.
காசு கொடுத்து வாங்கியும் கள்ளர்கள் ஆனோம்.
ஐம்பது யூரோ அபராதம் கட்டிய என் வீட்டுக்காரர்
மூன்று நிலையம் வரை
யாரோ போல் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு கடை கிடையாது, சனியே ரொட்டி வாங்கு.
கழிவறைக்குச் சில்லறை...

"இது என்ன?"

ஏழாம் நாளில் சிவப்பு வட்டம்.
கோட்டை இல்லை, ஏரி இல்லை,
வழிகாட்டிப் புத்தகம் எதிலும் இல்லாத
ஜெர்மன் ஊர்.
பெயர் நம் இருவர் வாயிலும் நுழையவில்லை.

நீ கடலைப் பார்த்தபடி சொன்னாய்:
"என் மெஷின் முதுகுல ஒட்டியிருக்கு லோகா.
பதினோரு வருஷமா
அந்தப் பேரத்தான் தொடச்சு வைக்கிறேன்."

வாரம் மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம்
தெலுக் பஹாங் மீனவரும்
ஆயர் ஈத்தாம் தையல்காரியும்
ரத்தத்தை வெளியே அனுப்பித்
திரும்ப வாங்கிக்கொள்ளும் மெஷின்.

"உள்ள விடமாட்டாங்க, தெரியும்.
கேட்டப் பார்த்தா போதும்."

பேனாவைக் கொடு என்றேன்.
அந்தக் கோட்டையை அடித்தேன்.
படகுச் சவாரியையும்.
ஏழாம் நாள் ஞாயிறு:
கேட் பூட்டியிருக்கும், ஊர்ப் பேருந்து ஓடாது.
செவ்வாய்க்கு மாற்று.
சின்ன வண்டிகளுக்குக்
குடும்பத்துக்கே ஒரு நாள் சீட்டு உண்டு,
காலை ஒன்பதுக்கு மேல்தான் செல்லும்.
இரண்டு இடத்தில் மாறணும்.
ஆறு நிமிடம் போதும் என்று செயலி சொல்லும்,
அதற்குப் பிள்ளைகள் இல்லை.
இருபது வை.

"அவரு என்ன சொல்றாரு?"
"இன்னும் சொல்லல."

பாலம் தடாலென்று இறங்கியது.
மோட்டார்கள் உறும, காகிதத்தை மடித்து
பேருந்துக்கு ஓடியவள்
பாதியில் திரும்பிக் கத்தினாய்:
"திரும்புற வண்டி?"

எனக்குத் தெரியாது.
தெரிந்தவள் போல் கையை ஆட்டினேன்.

மதியம், கணக்குப் பிரிவில்,
ரசீதுக் கட்டுகளுக்கு நடுவே
உச்சரிக்க வராத அந்தப் பெயரை
எழுத்து எழுத்தாகத் தட்டினேன்.

ஐந்து முப்பத்தெட்டு, தவமலர்.
அதை விட்டால் வண்டி இல்லை.