ஒரு மணி நேர வாடகை

பரிசோதனைக் கூடத்து வாசலில்
ஏழு மணிக்கே பதினோரு வண்டி.
எட்டு, என்னுடையதைப் போலவே ப்ரியஸ்.
ஜப்பானில் ஓடித் தேய்ந்து கப்பலேறியவை,
சாலையின் வலப்பக்கம் ஓட்டும் ஊருக்கு
வலப்பக்கமே ஸ்டியரிங்கோடு வந்து சேர்ந்தவை.

என் வண்டி தினமும் காலையில்
பெண்குரலில் ஏதோ சொல்லும்.
வரவேற்கிறாள் என்றுதான் இரண்டு வருஷம் நினைத்திருந்தேன்.
‘அட்டை செருகப்படவில்லை’ என்கிறாளாம்.
எந்த அட்டை, எந்தச் சுங்கச்சாவடி,
அதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் போயிற்றென்று
திபிலீசியில் அவளுக்கு யார் சொல்வது.

மல்காஸ் புகைக்குழாய்க்குள் கம்பியை விட்டான்.
என்ஜின் தூங்கிவிட்டது.
நின்றால் தானே அணைந்துவிடும் ஜாதி இது.
விழிக்க வைக்க ஒரு மந்திரம் உண்டு:
பார்க்கில் இரண்டு மிதி, நியூட்ரலில் இரண்டு,
திரும்பப் பார்க்கில் இரண்டு.
மிதித்தேன். இருமிக்கொண்டே எழுந்தது.
திரையில் எண் ஏறியது,
ஏறியது,
தப்பான மாடிக்கு லிஃப்டில் போகிறவன்போல
பார்த்துக்கொண்டே நின்றேன்.

“அரா” என்றான்.
‘இல்லை’க்கு இவர்கள் மொழியில் அவ்வளவுதான்.

“மாமா!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
திரும்பினேன்.
இந்த ஊரில் அப்பாவுக்குத்தான் மாமா என்று பெயர்,
தெரிந்தும் ஒவ்வொரு முறையும் திரும்பிவிடுகிறேன்.
மல்காஸின் பையன், சூடான ரொட்டியோடு.
வாயில் ஒரு துண்டை வைத்தபடியே
அப்பன்காரன் வண்டிக்கு அடியில் புகுந்தான்.
கன்வெர்ட்டர் இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் பைப் என்றான்.
வெல்டிங் பிரமாதம் என்றான், மெய்யான மரியாதையுடன்.

விற்ற ரமாஸுக்குப் போன் போட்டேன்.
“நான் வாங்கும்போதே இல்லையே, சகோதரா.”
பிறகு எப்படித் தேறினாய்?
சிரித்தான்.
“எலியாவாவுக்குப் போ.”

எலியாவா சந்தையில்
கதவுகள் ஒரு தெரு, கண்ணாடிகள் ஒரு தெரு.
மூன்றாவது சந்தில் ஒருவன்
குழந்தையைத் தூக்கி வருவதுபோல் துணி சுற்றி எடுத்துவந்தான்,
சுரைக்காய் அளவு உருளை.
மணிக்கு அறுபது லாரி.
லாரி இங்கே பணம். வீட்டில் சொன்னால்
அறுபது லாரிக்கு எங்கேடா போவாய் என்பார்கள்.
பைப்பை அறுத்து, கிளாம்ப் போட்டு மாட்டினான்.
உருளையின் வயிற்றில்
ஒரு நீலப் பொட்டு.

கூடத்துக்குத் திரும்பியபோது
ம்ஸெவினார் என்ற டாக்ஸிக்காரி
குனிந்து பார்த்துவிட்டுக் கைதட்டினாள்.
“என் நகப்பூச்சு! போன மார்ச்சில் வைத்தேன்.
அதே சாமான்தான் ஊரைச் சுற்றுகிறதா
என்று பார்க்கத்தான் வைத்தேன்.”
நல்லாயிருக்கிறதா அது, என்று கேட்டாள்,
கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றி விசாரிப்பதுபோல.

எத்தனை கல்யாணம் பார்த்த இரவல் நகையோ.

மல்காஸ் மறுபடி கம்பியை விட்டான்.
எண் இரண்டு அடி வைத்து உட்கார்ந்துகொண்டது.
பொட்டைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
“கி” என்று முத்திரை குத்தினான்.
‘ஆம்’ என்பதும் இங்கே குட்டிச் சொல்தான்.

ஐம்பத்து மூன்றாம் நிமிடம் திருப்பிக் கொடுத்தேன்.
அடுத்த ஆள் நோட்டோடு காத்திருந்தார்,
ஆறக்கூட விடவில்லை,
துணியோடு வாங்கிக்கொண்டார்.
எனக்கு மறுபடி வெறும் பைப்,
அதே பிரமாதமான வெல்டிங்.

வீட்டுக்கு ஆற்றோரச் சாலை.
நான்கு மெய்யெழுத்து முட்டிக்கொண்டு தொடங்கும் ஆறு,
ஐந்து வருஷமாக ‘ஆறு’ என்றே சொல்லிச் சமாளிக்கிறேன்.
முன்னால் ஒரு மினிபஸ்
கரியாகக் கக்கிக்கொண்டு போனது.
சீ, என்று கண்ணாடியை ஏற்றினேன்.
பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில்
என் பின்னால் வருகிறவளும்
ஏற்றிக்கொண்டிருந்தாள்.