பன்னிரண்டாவது ஆள்

பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் உபின் தீவுக்குப் படகு.
நாங்கள் பதினோரு பேர்.
வரி அலுவலக மரைக்காயர்
குறைகிற நான்கு வெள்ளியைப் பதினொன்றால் வகுக்கிறார்:
முப்பத்தாறு காசும் கொஞ்சமும்.
அந்தக் கொஞ்சத்தை யார் தருவது என்பது அவர் கவலை.
நல்லவேளை,
எரிவாயு உருளையை உருட்டிக்கொண்டு ஒருவர் வந்து சேர்ந்தார்.

அறுபது மணிநேரப் பயிற்சி,
மானியம் போக நூற்றெண்பது வெள்ளி.
புதன்தோறும் வேலை முடிந்து
ஈசூன் சமூக மன்றத்தின் மூன்றாம் மாடியில்
வெறுங்காலோடு மரமானோம், மழையானோம்.
பாரந்தூக்கி ஓட்டும் அருளப்பன்
மழையாகப் பெய்யும்போதும்
கழுத்தில் வேலையிட அட்டை தொங்கும்.
சொல்லித்தரும் கோதைநிலாவுக்கு இருபத்தாறு வயது.
'டீச்சர்' என்று கூப்பிட
மூன்று வாரம் எனக்கு நாக்கு எழவில்லை.

நான் ரயில் கட்டுப்பாட்டு அறை.
என் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள்,
திட்டியும் இருப்பீர்கள்.
'கூடுதலாக இருபது நிமிடம் ஆகலாம்.'
பதினாறு வருடம்
ஒரு முகத்தையும் பார்க்காமல் பேசியவள்
இனித் தீவுகளில் நாடகம் கற்பிக்கப் போகிறேனாம்.

வந்தது மூன்று பேர்.
மிதவைப் பண்ணையில் மீன் வளர்க்கும் ஆ செங்,
சைக்கிள் வாடகைக்கு விடும் ஸலேஹா,
யாருடைய பிள்ளை என்று கடைசிவரை தெரியாத ஒரு பையன்.
என் முறை. என் பாடம்: காத்திருத்தல்.
எல்லோருக்கும் புரியட்டுமென்று மலாயில்
'துங்கு' என்றேன்.
ஊரிலிருந்து வந்து ஆறே மாதமான அருளப்பன்
அதைத் 'தூங்கு' என்று கேட்டு
சிமெண்டுத் தரையில் நீட்டிப் படுத்தான்.
பையன் சிரித்துச் சிரித்து விக்கினான்.

மற்றவர்களும் காத்திருந்து காட்டினார்கள்.
மணிக்கட்டைப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள்,
பல் மருத்துவத் தாதி விமலேஸ்வரி
இல்லாத தொலைபேசியை ஏழு முறை தடவினாள்.

ஸலேஹா ஒன்றும் செய்யவில்லை.
கையிலிருந்த ஸ்பேனரை மடியில் வைத்தாள்.
கண்ணைத் தண்ணீரில் வைத்தாள்.
அவ்வளவுதான்.
நாங்கள் பதினோரு பேரும்
திரும்பிக் கடலைப் பார்த்தோம்,
படகு வருகிறதென்று.

எதுவும் வரவில்லை.
என் குறிப்பேட்டில்
அடுத்து நான் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் இருந்தன.
மூடிவிட்டேன்.

மாலையிலும் பதினோரு பேர்தான்.
மரைக்காயர் வகுக்கத் தொடங்குமுன்
ஸலேஹா படகில் ஏறி உட்கார்ந்தாள்.
அக்கரையில் அவளுக்கு என்ன வேலையென்று
யாரும் கேட்கவில்லை.

திங்கள், காலை எட்டு ஐந்து.
பீஷானில் சிக்னல் கோளாறு.
திரையில் ஒரு சிவப்புக் கோடு அப்படியே நிற்கிறது,
அதற்குள் ஆயிரம் பேரோ, கூடவோ.
சொல்ல வேண்டிய வாக்கியம் எதிரில் தயார்.
ஒலிவாங்கிப் பொத்தானில் விரல்.
மடியில்
இல்லாத ஒரு ஸ்பேனரின் கனம்.

'என்ன ஆச்சு, பேசு'
என்கிறார் மேலதிகாரி.