சாவி

கன்னடியன் கால்வாயின் கடைமடை.
பிசானம் பால் பிடிக்கிற பன்னிரண்டு நாளும்
தண்ணீர் எட்டாமல் போன வயல்.
ஐந்துக்கு ஐந்து மீட்டர் அளந்து
அறுத்து எடைபோட வந்த
காப்பீட்டு ஆள் நான்.

எடைபோட ஒன்றுமில்லை.
கதிரெல்லாம் விறைத்து நிமிர்ந்து நின்றது.

ரோட்டோரம் அறுவடை இயந்திரம்.
ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்தார்.
காவலுக்கு உதவியாள் ராம்பிரவேஷ்,
சிவானிலிருந்து வந்து எட்டு மாதம்.

குத்தகைக்காரி வெயிலுகந்தாள்
ஒரு கதிரை உருவிக் கசக்கி ஊதினாள்.
உள்ளங்கையில் ரேகை மட்டும்.
"அம்புட்டும் சாவி."

அவன் பதறிச் சட்டைப் பையைத் தடவினான்.
"சாபி?"
சிவப்புக் கயிற்றில் தொங்கியதை
உயர்த்திக் காட்டினான்.

போர்த்துக்கீசியன் இடுப்பில் தொங்கிக்
கப்பலில் வந்த சொல் அது.
ஒன்று மேற்குக் கரையேறி வடக்கே போனது.
ஒன்று நம் கடற்கரை மணலேறி
உள்ளே வந்தபோது
அதே பெயரில் ஒருத்தி
முன்பே குடியிருந்தாள்,
சாவில் பிறந்தவள், பூட்டறியாதவள்,
உமி மட்டும் உடுத்தவள்.
அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே விலாசம்.
தபால் மாறிப் போவதுண்டு.

வெயிலுகந்தாளுக்குச் சிரிப்பு வந்தது,
வந்த இடத்திலேயே நின்றது.
வயலைக் காட்டினாள்.
அவன் ஒரு நெல்லைக் கடித்துத் துப்பினான்.
"பையா."
"யாரப் பாத்துல பையாங்க?"
அவன் கையை விரித்து, ஊதி,
மறுபடி, மெதுவாக: "பையா."

அவன் ஊரில் பதருக்கு அதுதான் பேராம்.
அப்பன் நிலத்தில் அதைப் பார்த்த வருஷம்தான்
ரயிலேறினானாம்.
என் அரைகுறை இந்திக்கு
அவ்வளவுதான் பிடிபட்டது.

படிவத்தில் சேதத்தின் தன்மைக்கு ஆறு கட்டம்:
வெள்ளம், புயல், ஆலங்கட்டி, தீ, பூச்சி, இதர.
இதரவில் 'சாவி' என்று எழுதினேன்.
ஹைதராபாத்திலிருந்து கூப்பிட்டு
எப்போது தொலைந்தது என்பார்கள்.
அடித்துவிட்டு 'மணி பிடிக்கவில்லை' என்றெழுதினேன்.
அதற்கும்
எத்தனை மணி என்று கேட்கலாம்.

ஓட்டுநர் வந்தார்.
"மணிக்கு ரெண்டாயிரத்தி நானூறு.
அறுக்கவா, வேண்டாமா?"

"அறுத்துப் போடும். வைக்கலாவது தேறட்டும்.
மாடு பேரு கேக்காது."

ராம்பிரவேஷ் சாவியை நீட்டினான்.
சாவிக்குள் இறங்கியது வண்டி.
தொட்டியில் நெல் விழும் ஓசைக்கு
வரப்பில் நின்ற மூன்று பேரும்
பழக்கத்தில்
காது கொடுத்திருந்தோம்.