கோட்டைக் கணக்கு

பாளையங்கோட்டைக்குள் எத்தனை கோட்டை நெல்
என்று துரை கேட்டால்
நான் சொல்லும் எண்ணிக்கையைத்தான் பட்டாளம் தின்னும்.
இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை.
பீரங்கியைப் பற்றி எனக்குத் தெரியாது,
அதை இழுக்கும் மாடு தெரியும்:
ஒன்றுக்கு முப்பது மாடு,
முப்பதுக்கும் கொள்ளு, வைக்கோல்,
வைக்கோல் வண்டிக்கு இன்னும் மாடு,
அந்த மாட்டுக்கும் வாய் இருக்கிறது.
பாதிச் சேனை மீதிச் சேனைக்குத் தீனி சுமந்தே
கயத்தாறு போய்ச் சேரும்.

ஆரல்வாய்மொழி வழியே உதவிக்கு வந்த மலையாளத்துப் படை
காற்று தள்ளிவிட்டதுபோல் வந்தது.
கொப்பரை, கருவாடு, இரண்டு யானை.
ஒரு யானை வடலிக்குள் தும்பிக்கையை விட்டுக்
கருக்கில் கிழித்துக்கொண்டது.
நாலாம் நாள் அவர்கள் ஆள்
ஓலையோடு என் முன்னால் நின்றான்:
அரிசி கடன் வேண்டும்,
சிவப்பரிசியாக இருந்தால் நல்லது.

மூன்றாவது கூட்டத்துக்குக் கணக்கு இல்லை.
குதிரைமொழித் தேரியில் இருப்பதாகப் பேச்சு.
வண்டித்தடம் கிடையாது. அடுப்புப் புகை கிடையாது.
"முந்நூறு பேர் எதைத் தின்கிறார்கள், குற்றாலிங்கம்?"
கருப்பட்டி என்றேன்.
வறுத்த புளியங்கொட்டை.
பனம்பட்டையில் பதநீர்; குடித்துவிட்டு எறிந்தால்
பாத்திரம் சுமக்க ஆள் வேண்டாம்.
மழைக்குக் காத்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன்,
ஐப்பசிக் கரிசல் சக்கரத்தைப் பிடித்தால்
அச்சுவரை விடாது.
துரை எழுதிக்கொண்டார்.
சொன்னதெல்லாம் உண்மை.

ஆனால் வெடியுப்பும் ஈயமும்
பனையில் காய்ப்பதில்லை.

ஆறுமுகநேரி உப்புக்காரி மாடத்தி
ஏழு பொதிமாட்டோடு வருவாள்,
உப்பை இறக்குவாள்,
வெறுஞ்சாக்கு என்று வாசலில் சொல்லிவிட்டுப் போவாள்.
வெறுஞ்சாக்கு சுமக்கும் மாடு
அப்படி மூச்சு வாங்காது.
காவல் நிற்கிற சிப்பாய்க்குத்
துப்பாக்கி தெரியும், மாடு தெரியாது.

மாதக் கடைசியில் பேரேட்டில் எழுதுகிறேன்:
எலி தின்றது, நாலு கோட்டை.
ஈரத்தில் கெட்ட மருந்து, இரண்டு பீப்பாய்.
ஈயத்துக்குத்தான் ஒரு ராத்திரி முழித்தேன்.
தராசுத் தேய்மானம்.

மூன்று படையும் ஒரே கிட்டங்கியில் சாப்பிடுகின்றன.
ஒன்றுக்கு மட்டும்
வாலும் பல்லும் வைத்துப் பெயர் எழுதியிருக்கிறேன்.

நேற்று துரை
தூத்துக்குடிக் கப்பலிலிருந்து ஒரு பூனை வரவழைத்தார்.
வெள்ளைப் பூனை. குறை சொல்ல முடியாது.
கிட்டங்கி வாசலில் படுத்தபடி
என் கையையே பார்க்கிறது.

அதற்கும் தினம் ஆழாக்குப் பால்.
பற்று எழுதியாயிற்று.