ஒரு மணித்தியாலம் பிந்தி

பன்னிரண்டு அடித்தபோது
பாரிசின் நான்கு சமையலறைகளில் நின்றோம்.
அஜந்தன் சிப்பி திறந்துகொண்டிருந்தான்.
செலஸ்தீன் இருநூறு கண்ணாடிக் கிண்ணங்களைத் துடைத்தாள்.
எனக்கு வெங்காயம், ஆகவே
அந்த அழுகை கணக்கில் வராது.
குகதாசன் எங்கே நின்றானோ,
இரண்டரைக்கு வந்து காரில் ஏறினபோது
கையெல்லாம் மீன் மணம்.

வாடகைக் கார். ஹீட்டர்
கால்களுக்கு மட்டும் வேலை செய்தது.
வருசத்தின் முதல் நாள் கடலோரமாய் நடப்போம் என்று
ஓகஸ்டில் ஒரு பஸ் தரிப்பில் பகிடிக்குச் சொன்னதை
ஒருவரும் திருப்பி எடுக்காததால் வந்த வினை.

விஸ்ஸான் தேவாலயத்தடியில் நிறுத்தினோம்.
எட்டு மணி, இன்னும் இருட்டு.
இங்கே ஜனவரியில் சூரியனும் லீவு கேட்கும்.
"பின்பக்கம் ஒரு தண்ணிப் பைப் இருக்கு,
மற்றப் பக்கம் திருகோணும்" என்றான் குகதாசன்,
இந்த ஊர்ப் பெயரை எங்களிடம்
ஒருநாளும் உச்சரித்திராதவன்.
பைப் இருந்தது.
மற்றப் பக்கம்தான்.

கடல் நெடுந்தூரம் பின்வாங்கியிருந்தது.
மணல் நாயின் அண்ணம்போல வரிவரியாய்,
மிதித்தால் காலடியைச் சுற்றி
ஒரு கணம் வெளுத்துப் பிறகு கறுத்தது.
யுத்தகாலத்துக் காங்கிரீட் அறையொன்று
குப்புறக் கிடந்தது;
அதன் முதுகில் யாரோ நீலத்தில் ஓர் இதயம் வரைந்து
பாதியில் பெயின்ற் முடிந்திருந்தது.
நாயோடு வந்த கிழவர் தொப்பியைத் தூக்கி
"போன் அனே" என்றார்.
நாய் செலஸ்தீனை மட்டும் மோந்தது.
மூன்று தலைமுறையாய்ப் புதுச்சேரியில்
பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருந்த குடும்பம்,
நாய்க்கும் தெரிந்திருக்கும் என்றான் அஜந்தன்.

பிறகு "சீல்! சீல்!" என்று கத்திக்கொண்டு ஓடினான்.
சீல் இல்லை. சாம்பல் நிற ரப்பர்ப் படகு,
பாதி மணலுக்குள்.
காற்று எப்போதோ போய்விட்டது.
குகதாசன் குனிந்து
அதன் வால்வு மூடியைத் தேடியெடுத்து
இறுக்கித் திருகி மூடினான்.
கையைக் காற்சட்டையில் துடைத்தான். நடந்தான்.

முனைக்கு வெள்ளை மூக்கு என்று பெயர்.
சுண்ணாம்புச் சுவரடியில் குந்தி
மீன் ரோல்ஸ், பிளேன்ரீ,
அஜந்தனின் முதலாளி எறியச் சொன்ன அரைக் கேக்.
என் போன் முதலில் அதிர்ந்தது,
பிறகு எல்லாருடையதும்:
ஐக்கிய இராச்சியத்துக்கு உங்களை வரவேற்கிறோம்.
எதிரே கடலுக்கு அப்பால்
கிழித்த கடுதாசி விளிம்புபோல இன்னொரு வெள்ளை.
குகதாசன் இரண்டுதரம் வாசித்தான்.
"பதினேழு வருசம் பிந்திக் கிடைச்சிருக்கு."
அவன் சிரித்ததால் நாங்களும் சிரித்தோம்,
அவன் நிறுத்திய இடம் தெரியாமல்
கொஞ்சம் கூடுதலாக.

பதினொன்றரைக்குள் மணலைவிட்டு ஏறவேண்டும் என்று
வற்றுப்பெருக்கு அட்டவணை சொல்லியிருந்தது.
போனில் பத்து நாற்பது.
"ஐம்பது நிமிஷம் கிடக்கு" என்று
இன்னொரு ரோல்ஸ் எடுத்தேன்.
செலஸ்தீன் சப்பாத்தைக் கழற்றிக் கல் தட்டினாள்.
அந்தச் சப்பாத்தைத்தான்
முதல் அலை எடுத்துக்கொண்டு போனது.

"என்னங்கடா இது!"

குகதாசன் கையுறையை இழுத்து
மணிக்கூட்டைப் பார்த்தான்: பதினொன்று நாற்பது.
வரவேற்ற நாடு எங்கள் போன்களில்
ஒரு மணித்தியாலத்தைச் சத்தமில்லாமல்
பின்னுக்குத் தள்ளியிருந்தது.

ஓடினோம். அதை ஓட்டம் என்று சொல்லமுடியாது.
முழங்கால்வரை தண்ணீர்; குளிரா சூடா என்று
கால்களுக்கே விளங்காத தண்ணீர்.
ஒரு கையில் ஃபிளாஸ்க், மறுகையில் கேக் பெட்டி,
அதை ஏன் விடவில்லை என்று இன்றைக்கும் தெரியாது.
குகதாசன் முன்னால்,
சுவரை ஒட்டியே வாங்கோ, பாசியில் மிதியாதேங்கோ என்று
திரும்பிப் பாராமல் சொல்லிக்கொண்டு போனான்.
பாறை பிளந்து வழிவிட்ட இடத்தில்
ஒவ்வொருவராய் இழுத்து ஏற்றினான்.
எண்ணினான். நாங்கள் மூன்று பேர்தான்,
இருந்தும் இரண்டுதரம் எண்ணினான்.

மேலே புல்வெளியில்
போன்கள் பிரான்சுக்குத் திரும்பின.

ஆறு மணிக்கு அஜந்தனுக்கு வேலை.
எட்டுச் சப்பாத்தில் ஏழு மிச்சம்.
கால்களுக்கு மட்டும் வேலைசெய்யும் ஹீட்டரை
அன்றைக்குத்தான் மெச்சினோம்.
ஈரக் காலுறைகள் அதில் தொங்கி ஆவிவிட,
பின்சீட்டில் குகதாசன்
போனை நெஞ்சில் கவிழ்த்துவைத்து நித்திரை.
அமியேன் தாண்டும்வரை
ஒருவரும் ரேடியோ போடவில்லை.