உள்கன்னம்

முதலில் நாவல்பழம் என்றுதான் நினைத்தோம்.
பிரஷ்ஷால் தேய்த்தாள் எஸ்தர். போகவில்லை.
உப்பு, பிறகு தேங்காயெண்ணெய்,
பிறகு என்மேல் கோபம்.

சுல்தான்பேட்டை அச்சகத்தில்
பதினாலு வருஷமாக லென்ஸ் வைத்துப்
புள்ளி பார்க்கிறவன் நான்.
நீலம் விலகினாலும் மஞ்சள் விலகினாலும்
நின்றபடி சொல்லிவிடுவேன்.
ஹெப்சிபாவின் கீழுதட்டை மடித்து
அதே லென்ஸை வைத்தேன்:
கறுப்பு மட்டும் தனியாக ஓடிய தாள்.
கடுகைவிடச் சின்னது, ஓரம் கலங்கியது.
இடக்கன்னத்தின் உட்புறம் ஏழோ எட்டோ.
எச்சில் வந்து வந்து மறைத்தது.

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் நூற்று ஆறு.
"பாயி தெகி" என்றார் டாக்டர் ஸ்பூர்த்தி.
நம் வாய் அவர்களுக்குப் பாயி.
நோவு மட்டும் இரண்டு பேருக்கும் நோவுதான்;
அது இல்லை என்று தலையாட்டினாள்.

பஞ்சால் துடைத்தார். கண்ணாடிச் சில்லால் அழுத்தினார்.
வெளுக்கவில்லை.
பென்சில் கடிப்பாளா? கடிப்பாள்,
ஆனால் பென்சில் ஒரே இடத்தில்தானே குத்தும்.
மாத்திரை ஏதாவது? உப்பு நிறையக் கேட்பாளா?
மயக்கம்? பிரஷர் பார்த்தார்கள்,
அந்தக் கைக்குப் பட்டை இரண்டு சுற்று வந்தது.
ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நோயை
எழுதி, அடித்தார்.

வயிறு? என்றார்.
எப்பவாவது முறுக்கும் என்றாள் எஸ்தர்,
ஸ்கூல் இருக்கிற நாளில்.
அவர் சிரிக்கவில்லை.
என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீடி, என்றேன். விட்டு ஆறு வருஷமாச்சு மேடம்.
பீடி இப்படிப் பொட்டு வைக்காது,
நீங்க உக்காருங்க.

மகள் இறங்கிய நாற்காலியில்
சூடு ஆறுமுன் ஏறினேன்.
உதட்டில் வயதாக ஆக மங்கும்,
உள்ளே நிற்கும் என்று
மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.
ஆபரேஷன் ஏதாவது?
சட்டையைத் தூக்கினேன்.
பதினேழு வயதில், குடலைக் குடல் விழுங்கி,
தொப்புளிலிருந்து ஒரு ஜாண் தையல்.
அன்றைக்கு யாரும் என் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

இரண்டு டாக்டர்களின் பெயரை ஒட்டிய நோயாம்.
குடலுக்குள் காளான் மாதிரி முளைக்குமாம்.
பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார்.
எவ்வளவு நாள் என்று எஸ்தர் கேட்டாள்.
அவர் ஒரே சீட்டில் இரண்டு பேரையும் எழுதினார்:
ரத்தம், ஸ்கேன், வியாழக்கிழமை, வெறும் வயிறு.

அச்சில் பிழை என்றால்
தாளைத் திட்டாதே, பிளேட்டைக் கழற்றிப் பார் என்று
பையன்களுக்கு நான்தான் சொல்வேன்.

"அப்பா, ஆ" என்றாள் ஹெப்சிபா.
யாரோ கையில் டார்ச் கொடுத்திருந்தார்கள்.
ஒந்து, எரடு, மூறு...
எண்ணி முடித்து,
தனக்கு ஒன்று அதிகம் என்று
வரிசையில் இருந்த எல்லோரிடமும் சொன்னாள்.