அரைப் பக்கம்

குருமடத்து விண்ணப்பம், மூன்றாம் தாள்.
"நீ ஏன் குருவாக விரும்புகிறாய்?
உன் சொந்த வார்த்தைகளில் எழுதுக."
கீழே அரைப் பக்கம் வெறுமையாய்,
கோடுகூடப் போடாமல்.

ஆறு நாளாக லாட்ஜ் பதிவேட்டுக்குள் கிடக்கிறது.

பதிவேட்டிலும் அப்படி ஒரு கட்டம் உண்டு:
வந்த காரணம்.
மால்டா, தன்பாத், அகர்தலா,
எங்கிருந்தோ காட்பாடியில் வந்திறங்கி
ஸ்கேன் உறைகளை மார்போடு அணைத்தபடி
ஆட்டோவில் வருகிறவர்கள்
ஒற்றைச் சொல்தான் எழுதுவார்கள். சிகிச்சை.
இரண்டாவது சொல் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.
எழுதிவிட்டு, வெந்நீர் எத்தனை மணிக்கு,
ஸ்டவ் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்பார்கள்.

பெர்க்மான்ஸ் ஃபாதர் சொன்னார்,
"அழைத்தல்னா இடி இடிக்கும்னு காத்திருக்காதே."
இடி வேண்டாம் சாமி.
இந்த மேஜைமேல் இருக்கிற மணி அளவுக்காவது
ஒரு சத்தம்.
இரவில் என்னை எழுப்புவதெல்லாம்
நூற்றிநாலுக்குப் போர்வை,
இருநூற்றொன்றில் வாந்தி.

பழைய ரசீதின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
பிறருக்குப் பணி செய்ய.
அதை வார்டில் அல்போன்ஸ் செய்கிறான்,
ஞாயிறானால் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு
கோட்டை அகழியைச் சுற்றியும் வருகிறான். அடித்தேன்.
கடவுளை நேசிப்பதால்.
யாரோ சொல்லச் சொல்ல எழுதியது போலிருந்தது
என் கையெழுத்து.
ஜெசிந்தாவைப் பற்றி எழுதவே இல்லை.
எதிர் மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது
கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள்.
அது காரணம் இல்லை.
அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று
சத்தியமும் செய்ய முடியாது.

அம்மா ஜெபமாலையைப் பாதியில் பிடித்துக்கொண்டு கேட்டாள்,
"என் அடக்கப் பூசையை நீயே வைப்பியா?
வைப்பேன்னா போ."

மார்ச்சில் ஒரு ராத்திரி.
இருநூற்றேழு தபன், ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வந்தார்.
மனைவியின் செருப்பு ஒரு பாலிதீன் பையில்.
மாடிப்படியில் உட்கார்ந்து ஏதோ சொன்னார், ஒரே வார்த்தை.
எனக்குத் தெரிந்த வங்காளம்
தண்ணீர், சாவி, பாக்கி.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
கரண்ட் போனது.
பகலெல்லாம் வெயிலைக் குடித்த வேலூர்ப் பாறைகள்
ஊரின்மேல் அதைத் துப்பிக்கொண்டிருந்தன.
ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை.
கரண்ட் வந்ததும் அவர் எழுந்து
பல் தேய்க்கப் போனார்.
மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.
ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்காதிருந்தேன்
என்பதைத் தவிர
நான் செய்தது ஒன்றுமில்லை.

இதை அழைத்தல் என்பதா,
தூக்கம் கெட்டவனின் கிறக்கம் என்பதா?
அவர்கள் எழுத்தில்
எட்டு போலத் தெரிவது நான்கு.
ஒன்பது போலத் தெரிவது ஏழு.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
நான்கு பேர் குடும்பத்துக்கு
எட்டுத் தலையணை சுமந்துபோய் நின்றவன் நான்.

நேற்று டீ வாங்கப் போன நேரத்தில்
யாரோ பதிவேட்டைப் புரட்டி, காகிதம் தேடி,
இந்தத் தாளை எடுத்திருக்கிறார்கள்.
அரைப் பக்கம் முழுக்கக் கணக்கு.
ரத்தம் இரண்டு யூனிட். அறை பதினோரு நாள்.
ஹவுரா டிக்கெட் மூன்று எழுதி,
அதில் ஒன்றை அடித்து இரண்டாக்கி,
கூட்டி, கையிருப்பில் கழிக்கப் போய்,
அழுத்தமாய்க் கோடு இழுத்து,
கோட்டுக்குக் கீழே எதுவும் எழுதாமல்
போயிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசித் தேதி.
கேட்டால் ஃபாதர் வேறு தாள் தருவார்.
நான் கேட்கவில்லை.

கோட்டுக்குக் கீழே
இரண்டு விரற்கடை இடம் இருக்கிறது.
என் கையெழுத்துதான் கொஞ்சம் பெரிது.